பிழிவது நான், ஊற்றுவது நீங்கள்

1

நாங்கள் பலெர்மோவுக்கு வந்து பதினொரு வருடம் நிறைந்த அன்று காலை நான் ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நாளை நான் கேட்டு வாங்கவில்லை. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற அலுவலகம் எந்த நாளைத் தருகிறதோ அந்த நாளில் போக வேண்டும். அது அப்படி வந்து விழுந்தது.

ஒக்டோபர் மாதம். இத்தாலியின் தெற்கே இருக்கிற இந்தத் தீவில் ஒக்டோபர் வெயிலுக்கு ஒரு சோம்பல் உண்டு. சுவரில் சாய்ந்து நிற்கும், போக மனமில்லாத விருந்தாளி மாதிரி. எனக்கு முன்னால் ஒரு வங்காளிக் குடும்பம், பின்னால் கைக்குழந்தையோடு ஓர் ஆபிரிக்கப் பெண். இரண்டு மணித்தியாலம் நின்ற பிறகு என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் பழைய கோப்பைப் புரட்டினார்.

"இதில் முந்தைய தொழில் 'பார்' என்று இருக்கிறது. இப்போது வயதானவரைப் பராமரிக்கும் வேலை என்கிறீர்கள். எது சரி?"

"இரண்டும் சரி" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். என் தலைமுக்காட்டையும் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் என் வாப்பா ஒரு கூல் பார் வைத்திருந்தார். பழச்சாறு விற்கிற கடைக்கு நமது பக்கம் அதுதான் பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்து திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து நான் தேசிக்காய் பிழிவேன். கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் நடக்கிற நாட்களில் ஒரு சாக்குத் தேசிக்காய் அந்தியாவதற்குள் முடிந்துவிடும். சாராயம் விற்கிற இடத்துக்கு வேறு பெயர், தவறணை. அது இருந்த தெருப்பக்கம் நாங்கள் முகத்தையே திருப்ப மாட்டோம். ஆகவே 'பார்' என்ற சொல்லில் எனக்கு ஒருநாளும் ஒரு கூச்சமும் இருந்ததில்லை. கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடம் கடை போய்விட்டது. வாப்பா பிறகு கடை போடவில்லை.

முதல் வருடம் இங்கே ஒரு படிவம் நிரப்பும்போது, முன்பு என்ன வேலை செய்தாய் என்று கேட்டார்கள். "கூல் பார்" என்றேன். எழுதியவருக்குப் பின்பாதிதான் விளங்கியது. இத்தாலியில் பார் என்றால் கோப்பியும் பாணும் விற்கிற கடை, பின்தட்டு முழுக்கச் சாராயப் போத்தல்களும் இருக்கிற கடை. அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான், வேலை தேடிக் கொடுக்கிற ஒரு பெண்மணி என்னைச் சிஞ்ஞோரா அல்பாவிடம் அனுப்பினார்.

"அவருக்கு உன்னைப் போல ஒருத்திதான் வேண்டும்" என்றார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

2

சிஞ்ஞோரா என்றால் அம்மணி மாதிரி ஒரு மரியாதைச் சொல். சிஞ்ஞோரா அல்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதம் படிப்பித்தவர். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில் வீடு. பல்கனியில் நின்றால் இரண்டு கட்டிடங்களுக்கு இடையில் ஒரு முழத்துக்குக் கடல் தெரியும்.

முதல் நாள் அவர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். அடுப்பு இருந்த அறைக்குள் போய் "குச்சினா" என்றார்.

"குசினி" என்றேன் நான்.

"ஓம், குச்சினா."

"எங்கட ஊரிலயும் குசினிதான்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு அது விளங்கியது போல இருந்தது. எனக்கும் அவருக்கும் பொதுவாக அன்றைக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான்.

எல்லாச் சொல்லும் அப்படி அமையவில்லை. இத்தாலியில் பழச்சாற்றுக்குச் 'சுக்கோ' என்பார்கள். மறுநாள் அவர் "சுக்கோ, சுக்கோ" என்று கேட்டபோது நான் அலுமாரி முழுக்கச் சுக்குத் தேடினேன். சுக்கு இல்லை. கிடந்த இஞ்சியைத் தட்டிப் போட்டு ஒரு தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது தோடம்பழச் சாறு இல்லை, ஆனால் நன்றாக இருக்கிறது" என்றார்.

அந்தி ஆறு மணிக்குத்தான் விசயம் வெளியில் வந்தது. பல்கனி மேசையில் தோடம்பழம், ஐஸ், சோடா, ஒரு உயரக் கிளாஸ், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு போத்தல் எல்லாம் இருந்தன. அந்தப் போத்தலில் இருந்தது 'லிக்கோரே'. ஆரஞ்சுத் தோடம்பழத் தோலை மதுவில் ஊறப்போட்டுச் சீனி சேர்த்துச் செய்தது. இவை எல்லாவற்றையும் கலந்து அந்திக்கு ஒரு கிளாஸ் குடிப்பது அவருடைய நாற்பது வருட வழக்கம்.

"நீ பாரில் வேலை செய்தவளாமே. எங்கே, கலந்து காட்டு."

எனக்கு அப்போது தெரிந்த இத்தாலிச் சொற்கள் இருபது இருக்கும். அவற்றில் பாதியைச் செலவழித்தேன். நான், பார், சாறு, மட்டும். இது, இல்லை. என் மார்க்கம், இல்லை.

அவர் போத்தலைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"பிழிவாயா?"

"பிழிவேன். பிழிவது நான், ஊற்றுவது நீங்கள்."

"சரி" என்றார்.

அந்த உடன்படிக்கை பத்து வருடத்துக்கு மேல் நின்றது.

3

சிஞ்ஞோரா அல்பாவுக்கு இந்தக் கிளாஸ் சும்மா ஒரு குடிப்பு இல்லை, ஒரு கணக்கு. சாறு எவ்வளவு, லிக்கோரே எவ்வளவு என்பதை மாதத்துக்கு மாதம் மாற்றுவார். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தார். மாரியில் உள்ளே இரத்தச் சிவப்பாக இருக்கிற தோடம்பழம் சந்தைக்கு வரும். அந்த நாட்களில் சாறு மூன்று பங்கு, லிக்கோரே ஒரு சொட்டு. கோடையில் எங்கிருந்தோ கப்பலில் வருகிற சப்பென்ற பழம்தான் கிடைக்கும். அப்போது சாறு பாதி, லிக்கோரே பாதி.

"சாற்றில் புளிப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஆனால் நம்ப முடியாது. இன்றைக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இராது. அரை மணித்தியாலம் வைத்தால் கைக்கும். லிக்கோரே பத்து வருடம் போனாலும் அதே ருசி. அதுதான் அதன் நல்ல குணம், அதுவே கெட்ட குணமும்" என்பார்.

அவருடைய புருசன் முழுக்க லிக்கோரேயின் கட்சியாம். பழத்தைப் பிழிந்து ஏன் கையை நாறடிக்கிறாய், போத்தலில் எல்லாம் இருக்கிறது என்பாராம். இவர் சாற்றின் கட்சி. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தியில் இதே வாதம்தானாம். அவர் போன பிறகு சிஞ்ஞோரா தன் கிளாஸில் லிக்கோரேயைக் கூட்டிவிட்டார்.

"ஏன்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதிர்த்துப் பேச ஆள் இல்லை. அவர் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது."

நான் பிழிந்து வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய் மஹ்ரிப் தொழுவேன். திரும்பி வரும்போது அவர் கிளாஸ் பாதியாகியிருக்கும். நான் ஒரு தண்ணீர்க் கிளாஸோடு எதிரில் இருப்பேன். இந்த நகரத்திலும் சூரியன் கடலில் விழுவதில்லை. காலையில் கடல் பக்கமாக எழும்பி, அந்தியில் மலைக்குப் பின்னால் இறங்கும். நமது ஊரில் கடலில் எழும்பிச் சம்மாந்துறை வயல்களுக்கு அப்பால் இறங்குகிற மாதிரி. அதனால் அந்த நேரத்தில் கடல் நெருப்பாகாது. பழைய வெள்ளிச் சாமான் மாதிரி மெல்ல மெல்ல மங்கும். சாளரங்களின் நிறம் ஒவ்வொன்றாக மாறும். குருவிகள் ஒரே கூட்டமாகச் சுழன்று ஒரு மரத்துக்குள் போய் மறையும். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்க மாட்டோம். நான் எந்தக் கரையில் இருக்கிறேன் என்பதே சில அந்திகளில் எனக்கு மறந்துபோகும். தோடம்பழ வாசம் விரல்களில் இருக்கும். அது போதும்.

இத்தனை வருடத்தில் என் சாற்றை நான் அவரோடு இருந்து குடித்ததில்லை. அந்த மேசையில் அந்தப் போத்தல் இருந்ததால், தண்ணீரைத் தாண்டி எனக்கு மனம் போகவில்லை.

4

முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்த அதே நாள் அந்தியில்தான் அது நடந்தது.

சிஞ்ஞோராவின் கை ஒரு வருடமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போத்தலைத் தூக்கினார். கழுத்து கிளாஸில் பட்டுக் கிணுகிணுவென்று ஆடியது. லிக்கோரே மேசையில் ஓடியது. இன்னொரு முறை தூக்கினார். போத்தல் நழுவியது. நான் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையோடு நின்றேன்.

"கையில்தானே இருக்கிறது. ஊற்று" என்றார்.

நான் போத்தலை மேசையில் நிமிர்த்தி வைத்தேன்.

"சிஞ்ஞோரா, நாங்கள் பேசிக்கொண்டது..."

"பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதைப் பார்." கையை நீட்டினார். வலையில் ஏறின மீன் மாதிரி அது துடித்தது. "என்னைக் குளிக்க வார்க்கிறாய். உடுப்பு மாற்றுகிறாய். மருந்து எடுத்துத் தருகிறாய். இது மட்டும் முடியாதா?"

"முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நல்லது. சாற்றை உள்ளே எடுத்துக்கொண்டு போ" என்றார்.

அடுத்த நாள் ஆறு மணிக்குப் பல்கனிக் கதவு திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அவர் வரவேற்பறையில் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தார். அது போடப்படாமலே இருந்தது. நான் பிழிந்து வைத்த சாறு குசினியில் கிடந்து கைத்துப்போனது.

சம்மாந்துறையில் வாழ்க்கைப்பட்ட என் ராத்தா எனக்கு ஐந்து வயது மூத்தவள். அவளுக்கு ஃபோன் எடுத்தேன். பின்னால் அவள் வீட்டு நெல் ஆலையின் இரைச்சல் கேட்டது.

"அடியே பௌசி, உனக்கென்ன பைத்தியமா? ஊத்துறதும் பாவம், தூக்குறதும் பாவம். நீ செஞ்சது சரி. இனி அந்த வேலய உட்டுட்டு வேற பாரு. ரிஸ்க்க, நம்மட சோத்தத் தாறவன் அல்லாஹ்."

"அவ தனிய இரிக்கா ராத்தா."

"அதுக்கு நீ என்ன செய்ய?"

அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன 'முடியாது' சரியா பிழையா என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது எனக்குள் இருந்தது அல்லாஹ்வின் பயம் மட்டுமா, ஊர் அறிந்தால் என்ன சொல்லும் என்ற பயமும் சேர்ந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே கிளாஸில் கலந்து இத்தனை வருடம் குடித்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

5

நாலாம் நாள் என் மகள் நுஹா என்னைக் கூட்டிப்போக சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்தாள். பத்து வயதில் எங்களோடு வந்தவள், இப்போது இருபத்தொன்று. கடலோரமாக இருக்கிற ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தாள். இத்தாலி மொழியில் அவள் பாட்டுப் போலக் கதைப்பாள். தமிழில் கதைக்கும்போது சப்பாத்துக்குள் கல் விழுந்தவள் மாதிரி நின்று நின்று வருவாள்.

நான் உள்ளறையில் சிஞ்ஞோராவின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். பல்கனிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். சிஞ்ஞோரா தன் கதிரையில் இருந்தார். நுஹா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். சாறு ஏற்கெனவே கிளாஸில் இருந்தது. அவள் போத்தலை எடுத்தாள். பார்க்காமலே ஊற்றினாள். மணிக்கட்டை ஒரு திருப்பு, அவ்வளவுதான். ஒரு சொட்டு சிந்தவில்லை. நீளக் கரண்டியின் காம்பை விரல்களுக்கு நடுவில் உருட்டி இரண்டு சுற்றுச் சுற்றினாள். தோடம்பழத் தோலைக் கிளாஸின் விளிம்பில் தடவிவிட்டு நீட்டினாள்.

சிஞ்ஞோரா ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார்.

"இது தொழில் தெரிந்தவளின் கை" என்றார்.

நுஹா நிமிர்ந்தாள். கதவடியில் என்னைக் கண்டாள்.

திரும்பி வரும்போது பஸ் எடுக்காமல் கடலோரமாக நடந்தோம். ஆட்கள் நாய்களோடு உலாவிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல் வாங்கிலில் போய் இருந்தேன். அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"எட்டு மாசம், உம்மா."

"வரவேற்பு மேசை எண்டு செல்லின."

"முதல் ரெண்டு மாசம் அங்கதான். மறுகா பாருக்கு மாத்தினாங்க. நான் உங்களுக்குப் பொய் செஞ்சிட்டன்."

பொய் செய்கிறதில்லை மகள், பொய் சொல்கிறது என்று திருத்த வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

"நீ குடிக்கிறியா?"

"இல்ல."

"அல்லாஹ்வுக்காகச் செல்லு."

"வல்லாஹி இல்ல உம்மா. ருசி பார்க்க வேண்டி வந்தா, என்னோட வேலை செய்யிற பொடியன்தான் பார்ப்பான். நான் மணத்துல கண்டுபிடிப்பன். நான் ஊத்துறன், அவ்வளவுதான்."

"ஊத்துறதும் ஒண்டுதான்."

"எனக்கி அந்த வேல நல்லா வருது உம்மா. வேற ஒண்டும் எனக்கி இவ்வளவு நல்லா வரல்ல. நீங்க பிழிஞ்சி வெக்கிற சாறு எங்க போகுதெண்டு உங்களுக்குத் தெரியாதா? நீங்க பிழியிறீங்க, நான் ஊத்துறன். நமக்கு நடுவில எவ்வளவு தூரம் இரிக்கி எண்டு எனக்கி வெளங்கல்ல."

அவள் என்னை வெட்டப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் கேட்டது எனக்கும் விளங்கியதால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

"தூரம் இரிக்கி மகள். எவ்வளவெண்டு எனக்கும் செல்லத் தெரியல்ல. ஆனா இரிக்கி."

"ஓம் உம்மா" என்றாள். எழும்பி நடந்தோம். வழியில் அவள் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

6

வீட்டுக்கு வந்து என் புருசனுக்குச் சொல்ல வேண்டுமே என்று இரண்டு நாள் தவித்தேன். அவருக்கு மீன் சந்தையில் வேலை. விடியமுன் எழும்பிப் போய், வேனில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்கிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு தின்றுகொண்டிருக்கும்போது மெல்லச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிற்பாட்டவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த ஹோட்டலுக்கும் நான்தானே மீன் எறக்கிற. பின் கதவால ஒருநாள் கண்டன். நாலு மாசம் இரிக்கும். ஐஸ் பெட்டி தூக்கிக்கி வந்தா."

"அவ உங்களக் கண்டாளா?"

"கண்டா. அழுதா. நான் ஒண்டும் செல்லல்ல. வந்திட்டன்."

"எனக்கிட்டச் செல்லலியே."

"செல்லி? நீங்க ரெண்டு பேரும் சண்ட பிடிப்பீங்க. புள்ள வீட்ட உட்டுட்டுப் போயிரும். நான் அல்லாஹ்கிட்டத் துஆச் செஞ்சிக்கி இரிக்கன்."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. நாலு மாதம் ஒரே மேசையில் இருந்து சோறு தின்ற மூன்று பேரில், தெரியாமல் தின்றவள் நான் ஒருத்திதான். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவர் சொன்னது பிழையில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவள் எந்த வீட்டுக்குப் போயிருப்பாள் என்பதுதான் தெரியாது.

அடுத்த கிழமை நுஹா ஒரு சாமானோடு சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்தாள். ஹோட்டலில் பழையதாகிவிட்டது என்று கழற்றிப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி வந்தாளாம். சுவரில் பூட்டுகிற ஓர் இரும்புத் தாங்கி. போத்தலைத் தலைகீழாக அதில் மாட்ட வேண்டும். கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். கிளாஸின் விளிம்பால் அதை மேலே தள்ளினால், ஓர் அளவு மட்டும் இறங்கித் தானாக நின்றுவிடும். பல்கனிச் சுவரில், கதிரையில் இருந்தபடியே எட்டுகிற உயரத்தில், அவளே துளை போட்டுப் பூட்டினாள்.

"போத்தலைத் தூக்கத் தேவையில்லை, சிஞ்ஞோரா. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுங்கள்" என்றாள்.

சிஞ்ஞோரா இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்தார். கை நடுங்கியது. தள்ளினார். லிக்கோரே சாற்றுக்குள் இறங்கியது. போத்தலுக்குள் ஒரு காற்றுக் குமிழி மேலே போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, தேவையில்லாமலே, இன்னொரு முறை தள்ளினார்.

"இன்றைக்கு என் புருசன் கட்சி வென்றுவிட்டது" என்றார்.

நுஹா சிரித்தாள். என் பக்கம் திரும்பித் தமிழில், மெதுவாக, "உம்மா, இனி நீங்களும் ஊத்தத் தேவல்ல, நானும் ஊத்தத் தேவல்ல" என்றாள்.

போத்தல் முடிந்தால் மாற்றுவதற்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவள் வருவாள். முன்பு ஒரு மாதத்தில் அவளோடு இரண்டு வார்த்தை கதைப்பது பெரிய பாடு. இப்போது போத்தலை மாற்றிவிட்டு அரை மணித்தியாலம் இருந்து போகிறாள். மூன்று பேரும் மூன்று கதிரையில் இருப்போம். வெளிச்சம் மலைப்பக்கமாக வடிந்து போகும். அவளும் ஒன்றும் கதைக்க மாட்டாள். என்னைப் போலவே.

டிசம்பரில் சிவப்புத் தோடம்பழம் வந்தது. முதல் கூடையை வெட்டியபோது பலகையெல்லாம் சிவந்தது. பிழிந்து கொண்டுபோய் வைத்தேன். சிஞ்ஞோரா கிளாஸைத் தூக்கிக் குமிழ் வரைக்கும் கொண்டுபோனார். நிறுத்தினார். ஒரு மிடறு அப்படியே குடித்துப் பார்த்தார்.

"இதற்கு ஒன்றும் வேண்டாம்" என்றார். பிறகு, "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது."

"அப்படியென்றால் உனக்கும் ஒரு கிளாஸ் கொண்டு வா. தண்ணீரைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது."

கொண்டு வந்தேன். போத்தல் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தேன். அது சில நாட்கள் அப்படிப் போகும். சில நாட்கள் அவர் குமிழைத் தள்ளுவார். தள்ளுகிற நாட்களில் நான் தண்ணீர்.

7

ஜனவரியில் ஒரு பிற்பகல், சிஞ்ஞோராவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்தவள் அந்த ஹோட்டலைத் தாண்டி நடந்தேன். தாண்டிவிட்டுத் திரும்பி வந்தேன். உயரமான கண்ணாடி. உள்ளே நீளமான மேசைக்குப் பின்னால் நுஹா நின்றாள். கறுப்புத் துணியை முடிக்கு மேலால் சுற்றிக் கழுத்துக்குப் பின்னால் இறுக்கி முடிந்திருந்தாள். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. அவளும், அவளோடு வேலை செய்கிற ஒரு பொடியனும் மட்டும்தான்.

நான் தெருவில் நின்றேன். உள்ளே போகக் கூடாது என்று ஒரு மனம். இன்னொரு மனம் ஒன்றுமே சொல்லவில்லை, கதவை மட்டும் பார்த்தது. அவளுக்கு என்னால் வெட்கமாக இருக்குமோ என்றும் நினைத்தேன். கையில் மருந்துப் பை, காலில் வீட்டு வேலைக்குப் போடுகிற சப்பாத்து. ஊரில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு முகமும் ஒருமுறை வந்து போனது.

கதவைத் தள்ளினேன்.

அவள் கண்டாள். ஒரு கணம் அவள் முகத்தில் இரத்தம் இல்லை. நான் மேசையின் ஓரத்தில் இருந்த உயரக் கதிரையில் மிகுந்த பாடுபட்டு ஏறி இருந்தேன். என் கால் நிலத்தில் படவில்லை.

"என்ன வேணும் உம்மா?"

"சாறு இரிக்கா?"

"இரிக்கி."

அவள் கையைக் கழுவினாள். நன்றாகக் கழுவினாள், முழங்கை வரைக்கும். ஒரு புதுக் கத்தியை எடுத்தாள். பக்கத்தில் மின்சாரத்தில் பிழிகிற இயந்திரம் இருந்தது. அதைத் தொடவில்லை. மூன்று தோடம்பழங்களைக் கையாலேயே பிழிந்து, விதையை வடித்து, கிளாஸில் ஊற்றி, ஒரு வெள்ளைத் துணியை மடித்து அதன்மேல் என் முன்னால் வைத்தாள்.

நான் குடித்தேன். அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இனிப்புக் காணுமா, சீனி போடவா?"

"காணும்."

இது சரி என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. வேறு வேலை பார் மகள் என்றுதான் ஒவ்வொரு கிழமையும் சொல்கிறேன். பார்க்கிறேன் உம்மா என்றுதான் அவளும் சொல்கிறாள். அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பொடியன் கிளாஸ்களைத் துடைத்தபடி எங்கள் பக்கம் வந்தான். நாங்கள் கதைக்கிற மொழி என்னவென்று பார்த்தானோ தெரியாது. நுஹா அவன் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று, இத்தாலியில் சொன்னாள். நான் யாரென்று சொன்னாள். அவர்கள் மொழியில் தாய்க்கு ஒரு சொல் இருக்கிறது, அதை எடுக்கவில்லை. "உம்மா" என்றே சொன்னாள்.

அவன் அதை என் பெயர் என்று நினைத்துக்கொண்டான். கையைத் துணியில் துடைத்துவிட்டுத் தலையைக் குனிந்து மரியாதையாக, "வணக்கம், சிஞ்ஞோரா உம்மா" என்றான்.

நுஹா என்னைப் பார்த்தாள். திருத்தவா என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.